கை உயர்த்திச் சொன்ன ஒரு இலட்சம்: சேமலாப நிதியிலிருந்து காணிக்கை எவ்வளவு?

கேள்வி: ஐயா, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் 31 வருசம் வேலை செய்து 60 வயதில் நின்றுவிட்டார். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு 960,000 ரூபாய் வங்கிக்கு வந்திருக்கிறது. சர்வீஸ் காசு (பணிக்கொடை) இன்னும் வரவில்லை. நான் இன்னும் கொழுந்து எடுக்கிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். எங்கள் சபைக்குப் புது மண்டபம் கட்டுகிறார்கள். வெளியிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், "ஒரு இலட்சம் விதைக்கிறவர்கள் கை உயர்த்துங்கள், கர்த்தர் நூறு மடங்காகத் தருவார்" என்றார். என் வீட்டுக்காரர் கை உயர்த்திவிட்டார், பேரையும் எழுதிக்கொண்டார்கள். எங்களுக்குக் குழுக்கடன் 85,000, பத்து வட்டிக்கு வாங்கியது 40,000, கடைக்கணக்கு 22,000 இருக்கின்றன. இரண்டு நகை வங்கியில் அடகில் கிடக்கிறது, மீட்க 193,000 வேண்டும். இவருடைய தங்கச்சி புருசனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு பக்கத்து லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) கஷ்டப்படுகிறாள். சொன்னதைக் கொடுக்காவிட்டால் பாவமா? ஈ.பி.எப். காசுக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒன்று காணிக்கை, உண்டா? மாதாமாதம் எவ்வளவு எடுத்து வைப்பது?

பதில்: அன்புச் சகோதரி, கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் உங்கள் வீட்டில் இருக்கிறது. அது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேச எதுவும் இல்லை. ஆனால் கொடுக்கப் போகிற காசில் எது உங்களுடையது, எது ஏற்கெனவே பிறருடையது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறருடையதை எடுத்துக் கடவுளுக்குக் கொடுக்க முடியாது.

கை உயர்த்தியதைப் பற்றிய பயம்தான் உங்கள் மனதில் பெரிதாக இருக்கிறது என்று தெரிகிறது. பிரசங்கி புத்தகம் 5ஆம் அதிகாரம், பொருத்தனை (கடவுளுக்குக் கொடுப்பதாக வாக்கு) பண்ணினால் செலுத்தத் தாமதிக்காதே என்கிறது. மேடையில் அந்த வசனத்தைத்தான் வாசிப்பார்கள். லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தை வாசிப்பவர்கள் குறைவு. பொருத்தனை பண்ணினவன் ஏழையாகி, குறித்த மதிப்பைக் கொடுக்க முடியாமல் இருந்தால், அவன் ஆசாரியன் முன்னால் வந்து நிற்க வேண்டும். ஆசாரியன் அவனுடைய திராணிக்குத் தக்கதாக அந்த மதிப்பை மாற்ற வேண்டும். இது நியாயப்பிரமாணமே சொல்லும் வழி. அதனால் உங்கள் கணவர் போதகரிடம் போய்த் தொகையைக் குறைத்துச் சொல்வது வாக்கு மீறுவதல்ல. வேதம் காட்டிய முறைப்படி வாக்கைச் சரிசெய்வதுதான்.

அந்தக் கூட்டத்தில் கேட்ட விதத்திலும் பிழை உண்டு. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" கொடுக்கச் சொல்கிறார். மனதில் நியமிக்க நேரம் வேண்டும், மனைவியோடு பேச வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும். எல்லோரும் பார்த்திருக்க ஐந்து நிமிடத்தில் கை உயர்த்தச் சொல்வதில் அதற்கு இடமில்லை. நூறு மடங்கு என்ற வாக்கை மாற்கு 10ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கிறார்கள். அங்கே இயேசு பேசுவது, தம் நிமித்தம் வீட்டையும் உறவையும் விட்டு வந்தவர்களைப் பற்றி. "துன்பங்களோடேகூட" என்ற சொல்லும் அதே வசனத்தில் இருக்கிறது. ஒரு இலட்சம் போட்டால் ஒரு கோடி வரும் என்று அங்கே எழுதியில்லை. அந்தக் கணக்கை நம்பி நகையை மறுபடி அடகு வைத்துக் கொடுக்கலாமா என்ற யோசனை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், வேண்டவே வேண்டாம். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்பது இரண்டாம் கொரிந்தியர் 8:12. கடன் வாங்கிய காசு உங்களுக்கு உள்ளது அல்ல.

இனிக் கணக்கு. ஈ.பி.எப்.பில் தொழிலாளி பங்கு 8 வீதம், தோட்ட நிர்வாகத்தின் பங்கு 12 வீதம், அவற்றின் மேல் வருடாவருடம் ஏறிய வட்டி. இது 31 வருடம் தள்ளிப்போடப்பட்ட சம்பளம். யாரும் தந்த பரிசு அல்ல. இவ்வளவு காலமும் கழிவுக்கு முந்திய முழுச் சம்பளத்தில் பத்தில் ஒன்று கொடுத்தவராக இருந்தால், அந்த 8 வீதத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நிர்வாகத்தின் பங்கும் வட்டியும் மட்டுமே புது வரவு. கைக்கு வந்த சம்பளத்தில் மட்டும் கொடுத்தவருக்கு முழுத்தொகையும் புது வரவு. எங்கள் தோட்டங்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வகைதான். எனவே போதகர் 96,000 என்று கணக்குச் சொன்னால், பெருக்கலில் பிழையில்லை.

பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 960,000ல் 340,000 உங்களுடையது அல்ல. குழுக்கடனும் வட்டிக்கடனும் கடைக்கணக்கும் அடகும் சேர்ந்த தொகை அது. அதைக் கழித்தால் மிச்சம் 620,000. இதில் பத்தில் ஒன்று 62,000. என் ஆலோசனை இந்த 62,000. பத்தில் ஒன்று என்பதையே சட்டமாகப் புதிய ஏற்பாட்டுச் சபைகள் மேல் யாரும் சுமத்தவில்லை. பவுல் வீதம் எதுவும் குறிக்காமல் "வரவுக்குத் தக்கதாக" என்கிறார். பத்தில் ஒன்று நல்ல அளவுகோல், பழகிய அளவுகோல். அதற்கு மேல் அதற்குப் பலம் கொடுக்க வேண்டாம்.

கடன் தீர்க்கும் வரிசை முக்கியம். முதலில் பத்து வட்டிக்காரர். 40,000க்கு மாதம் 4,000, வருடத்துக்கு 48,000. வாங்கிய முதல் தொகையையே தாண்டிவிடுகிறது. இந்தக் கடனை இன்னும் ஒரு வருடம் விட்டுவைத்தால் போகிற காசு, கீழே நான் மண்டபத்துக்குச் சொல்லப்போகும் தொகையை விடக் கூட. முதல் தொகையையும் அன்றுவரை உள்ள வட்டியையும் சாட்சி ஒருவர் முன்னால் கொடுத்து, "முழுக்கடனும் தீர்ந்தது" என்று எழுதி, திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். உங்கள் வங்கி அட்டையைப் பிடித்து வைத்திருந்தால் அதையும் வாங்கி, இரகசிய இலக்கத்தை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். வெற்றுத் தாளில் கையொப்பமோ கைநாட்டோ வாங்கியிருந்தால் அந்தத் தாள் கைக்கு வராமல் கடைசிக் காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது குழுக்கடன். நீங்கள் தவணை தவறினால் அந்தச் சுமை குழுவிலுள்ள மற்றப் பெண்கள் தலையில் விழும். அவர்களும் உங்களைப் போலக் கொழுந்துக் கூடை சுமப்பவர்கள்தான். கடன் தந்த கம்பெனியிடம் இன்றைய திகதிக்கு மீதித் தொகை எவ்வளவு, முன்கூட்டி முடித்தால் கழிவு உண்டா, மேலதிகக் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வசூலிக்க வருபவர் கையில் மொத்தத் தொகையைக் கொடுக்காமல் கிளை அலுவலகத்தில் கட்டி ரசீதும் கடன் முடிந்த கடிதமும் வாங்குங்கள். பிறகு கடைக்கணக்கு. அதைக் கடைசிக்குத் தள்ள நினைப்பீர்கள், ஆனால் சம்பளம் பிந்தும் மாதத்தில் அரிசி தருபவர் அந்தக் கடைக்காரர்தான். நகையை மீட்கப் போகுமுன் வங்கியில் அன்றைய மீட்புத் தொகையைக் கேளுங்கள். வட்டி நாளுக்கு நாள் ஏறும். அடகுச் சீட்டில் தவணைத் திகதி எப்போது முடிகிறது என்றும் பாருங்கள், அது தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும்.

"ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்று ரோமர் 13ல் இருக்கிறது. கடன் கட்டுவதும் வழிபாட்டின் பாகம் என்று நம்மிடையே போதிப்பது குறைவாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது அந்த 62,000ஐ எங்கே கொடுப்பது? முழுவதும் மண்டபத்துக்கா? உபாகமம் 14ஆம் அதிகாரத்தில், மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை லேவியனும் அந்நியனும் அநாதையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய ஊர் வாசலிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறது. உங்கள் வாசலுக்குப் பக்கத்தில் விதவையும் தகப்பனில்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "கொர்பான்", அதாவது இது கடவுளுக்கென்று காணிக்கையாகிவிட்டது என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7ல் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று போதகரோடு சேர்ந்து வாசியுங்கள். அதே நியாயம் தங்கச்சி குடும்பத்துக்கும் பொருந்தும். எனவே மண்டபத்துக்கு 30,000, மாதம் 5,000 வீதம் ஆறு தவணை. தங்கச்சி பிள்ளைகளுக்கு 12,000. அதைக் கையில் காசாக ஒரேயடியாகக் கொடுக்காமல், பாடசாலைத் தவணை தொடங்கும் நேரத்தில் சப்பாத்து, கொப்பி, புத்தகப்பை, பாடசாலை வாகனக் கட்டணம் என்று அவளிடம் கேட்டு, அவள் சொல்வதற்கு மட்டும் கொடுங்கள். இன்னது வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், அது அவளுக்குச் சங்கடம். அதைச் சபையில் சாட்சியாகச் சொல்லவும் வேண்டாம். மிச்சம் 20,000ஐத் தனிப் புத்தகமாக வங்கியில் போட்டு வையுங்கள். மண்சரிவோ, லயத்தில் நெருப்போ, ஒரு சாவோ வரும்போது யாரிடமும் கேட்காமல் அன்றைக்கே உதவ அது இருக்கும். உதவி பெறுபவர் எந்த மதம் என்று பார்க்க வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கச் சந்தாவை எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள்.

மண்டபத்துக்குக் கொடுக்குமுன் சில கேள்விகளைக் கேட்கும் உரிமையும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு. மலைநாட்டில் பெரும்பாலான தோட்டக் காணி அரசினுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு அப்படி ஆனது, 1992 முதல் கம்பெனிகள் நிர்வகிக்கின்றன. மண்டபம் நிற்கப்போகும் நிலத்துக்கு எழுத்து மூல அனுமதி இருக்கிறதா, அது யார் பெயரில் இருக்கிறது? தனிமனிதர் பெயரில் இருந்தால் நாளை அவரோ அவர் பிள்ளைகளோ சபையை வெளியே போகச் சொல்லலாம். பிரதேச சபையின் கட்டட அனுமதி எடுத்தாயிற்றா? சரிவு நிலமென்றால் மண்சரிவு அபாயத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நிறைந்திருக்கும் கட்டடம் அது, இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், பணத்தை எண்ண உறவினரல்லாத இருவர், இலக்கமிட்ட ரசீது, மூன்று மாதத்துக்கொரு முறை சபையில் வாசிக்கும் வரவுசெலவு. இவை இருந்தால் மனநிறைவோடு கொடுங்கள். கேட்டால் "விசுவாசம் இல்லையா" என்று யாராவது சொன்னால், இரண்டாம் கொரிந்தியர் 8ல் பவுலே தர்மப்பணத்தில் யாரும் தம்மைக் குற்றம் சொல்லாதபடி எச்சரிக்கையாக இருந்ததாக எழுதியிருப்பதைக் காட்டுங்கள். ஆவணங்கள் இல்லையென்றால் தவணையைத் தொடங்காமல் உங்கள் வங்கிப் புத்தகத்திலேயே ஒதுக்கி வையுங்கள், வந்தபின் கொடுக்கலாம்.

போதகரிடம் பேச உங்கள் கணவர் கூச்சப்படுவார். இருவரும் சேர்ந்து, ஆராதனை நாளாக இல்லாமல் வார நாளில் அவர் வீட்டுக்குப் போங்கள். இவ்வளவு சொன்னால் போதும்: "ஐயா, கூட்டத்தில் ஒரு இலட்சம் என்று சொன்னேன். கடனைக் கணக்குப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். எங்களால் முடிந்தது 30,000, ஆறு மாதத்தில் தருகிறோம். பட்டியலில் திருத்திவிடுங்கள்." வேறு விளக்கம் தேவையில்லை. மந்தையை நேசிக்கும் போதகர் அதைக் கேட்டுச் சந்தோசப்படுவார், ஜெபித்து அனுப்புவார். கோபித்தால் அல்லது ஜெபக் கூட்டத்தில் பெயரைச் சொன்னால், மூப்பரிடமோ திருச்சபையின் மேல்நிர்வாகத்திடமோ எழுதிக் கொடுங்கள்.

மீதி 558,000 உங்கள் பிழைப்புக்கானது. ஒரு இலட்சத்தை மகளின் படிப்புக்கு அவள் பெயரிலோ உங்கள் பெயரிலோ தனிக் கணக்கில் போடுங்கள். உயர்தரம் முடிந்தவுடன் பிள்ளைகளைக் கொழும்புக் கடை வேலைக்கு அனுப்பிவிடுவது பெரும்பாலும் அடுத்த படிப்புக்குக் கட்டக் காசில்லாததால்தான். 58,000 அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். 400,000ஐ அனுமதிபெற்ற வங்கியில் இருவர் பெயரிலும் நிலையான வைப்பாகப் போடுங்கள், மாதாமாதம் வட்டி வரும்படி. கணக்குக்கு ஆண்டுக்கு 8 வீதம் என்று வைத்தால் வருடம் 32,000, மாதம் 2,600 ரூபாய்க்குச் சற்று மேல். 2025 ஏப்ரல் முதல் வங்கிகள் வட்டியில் 10 வீதம் வரி கழிக்கின்றன. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவானவர்கள் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள், வைப்புப் போடும் நாளிலேயே படிவத்தைக் கேளுங்கள். இந்த வட்டி வரும்போது அதிலும் ஒரு பங்கு எடுத்து வைக்கலாம். வைப்புத் தொகையிலிருந்து எடுக்க வேண்டாம்.

ஈ.பி.எப். வந்த செய்தி பரவியிருக்கும். காசு போட்டால் மாதம் இவ்வளவு, இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் இவ்வளவு என்று யாராவது வருவார்கள். வேதப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டும் வரலாம். ஆள் சேர்த்து இலாபம் தரும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடை. அதில் போன காசு திரும்புவதில்லை.

மாதக் காணிக்கைக்கு வருகிறேன். உங்கள் சம்பளம் பேரை, அதாவது பேர் பதிந்த வேலைநாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கணக்குக்கு ஒரு பேருக்கு 1,350 என்று வைத்தால் 22 பேருக்கு 29,700, அதில் ஈ.பி.எப். 2,376 கழிந்தால் 27,324. பிறகு முற்பணம், தொழிற்சங்கச் சந்தா என்று கழிபடும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலில் கொழுந்து குறைந்து 14 பேருக்கே வேலை கிடைக்கும் மாதமும் உண்டு. மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையைக் குறித்தால் அந்த மாதங்களில் கடன் வாங்கித்தான் காணிக்கை போடுவீர்கள். ஆகையால் பேரைக் கொண்டே அளவு வையுங்கள். ஒவ்வொரு பத்துப் பேருக்கும் அரைப்பேர்க் காசு, 675 ரூபாய். 20 பேர் என்றால் 1,350, 14 பேர் என்றால் 675. இது கூடினால் 5 வீதம். கணவரின் சம்பளம் நின்றுபோன இந்த வீட்டில் மகளின் படிப்பு முடியும்வரை இதுவே போதும். அவள் உழைக்கத் தொடங்கியபின் பத்துப் பேருக்கு ஒரு பேராக உயர்த்தலாம். சம்பளம் எடுத்த அன்றே, கடைக்குப் போகுமுன், உறையில் போட்டுத் திகதி எழுதி வைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுக்க நினைத்தால் எதுவும் மிஞ்சாது. உங்கள் சபையில் பிடியரிசி சேர்க்கும் வழக்கம் இருந்தால் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பதைத் தொடருங்கள். பணம் முடைப்பட்ட மாதத்திலும் கை மூடாமல் இருக்க அது உதவும்.

கடைசியாகச் சர்வீஸ் காசு. நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். 31 வருடத்துக்கு 434 நாள், நாட்சம்பளம் 1,350 என்று வைத்தால் 585,900 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும், பிந்தினால் மேலதிகத் தொகையும் சேர்த்துத் தர வேண்டும். கணவரின் வேலை தொடங்கிய திகதி, நின்ற திகதி, ஈ.பி.எப். இலக்கம், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றோடு தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, உங்கள் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பகுதித் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகம் 3 வீதம் கட்டிய ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) பணத்துக்கும் தனி விண்ணப்பம் உண்டு, அதைப் பலர் மறந்தே விடுகிறார்கள். கூலியைப் பிடித்து வைப்பதை யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். உரிமைப் பணத்தைக் கேட்டு வாங்குவது பேராசை அல்ல. அந்தத் தொகை வரும்போது அதில் எவ்வளவு கொடுப்பது என்பதை அன்றைக்குள்ள கடனையும் தேவையையும் பார்த்து, இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அதை முன்கூட்டி வாக்குக் கொடுக்க வேண்டாம்.